சில்வெஸ்டர் வரும்வரை

நீலசந்திரா, பெங்களூர்
12.1.2003

அன்புள்ள ருக்குவுக்கு,

உறையின் பின்புறம் பாஞ்சாலி என்ற பெயரைப் பார்த்ததும், எந்தப் பாஞ்சாலி என்று யோசித்திருப்பாய். கோலார் தங்கவயலில் மூன்றாவது பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் டிபனில் பாதியைத் தின்று, உன் கணக்கைப் பார்த்து எழுதிப் பாஸானவள். கல்யாணமாகி மஸ்கட் போனவள் பதினோரு வருஷமாக ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பவில்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நீயும் உன் வீட்டுக்காரர் சரவணனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் ஆட்டோக்காரரும் தினம் ஒரு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அல்சூர் பக்கம் ஒரு முதியோர் ஹோமில் டிசம்பரிலிருந்து ராத்திரி ஆயாவாக இருக்கிறேன். இருபத்திரண்டு பேர், எல்லாருமே ஞாபகம் தப்பிப்போனவர்கள். முதல் நாள் ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் பால் கொண்டுபோனேன். நெற்றியில் பிளாஸ்திரி. வலது கை கட்டிலின் இரும்புத் தடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உன் நைனா! "என்ன நைனா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன். "மணி அடிக்குது பாரு" என்றார். அவ்வளவுதான்.

உன் விலாசத்தை அட்மிஷன் பேப்பரிலிருந்து எடுத்தேன். அது தப்பு. தெரிந்தேதான் எடுத்தேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். பகல் பூராவும் திரை இழுத்துவிட்ட ஹாலில் டிவிக்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்திருப்பார்கள். தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கே ராத்திரிச் சாப்பாடு. பகல் ஆயாக்கள் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே, அதனால் ஆறு மணிக்கெல்லாம் கட்டிலில் ஏற்றிவிடுவார்கள். ஆறு மணிக்குப் படுத்தால் உனக்கும் எனக்கும்கூட ஒரு மணிக்கு முழிப்பு வரும். இவர்களுக்கு வந்தால் மட்டும் வியாதி. உடனே மாத்திரை.

நைனாவுக்கு இன்னும் ஒரு தொந்தரவு. கட்டிலுக்குக் கட்டில் கூப்பிடுகிற மணி இருக்கிறது. பன்னிரண்டாம் நம்பர் அன்னம்மாள் அதை விடாமல் அமுக்குவார். மணி கேட்டதும் நைனா எழுந்து உட்கார்ந்து தடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். "ஆளு நிக்குது. சில்வெஸ்டர் வந்துட்டானா?" என்று விடிகிறவரை கேட்கிறார். கையை எடுக்கச் சொன்னால் அடிக்க வருகிறார். அதனால் கையைத் துணியால் கட்டிவிட்டு, "சும்னே மலக்கோ" என்று அதட்டுகிறார்கள். பேசாமல் படு என்று கன்னடத்தில் சொன்னால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா?

மாத்திரைக்கு நீ கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினாயாமே? அந்த மயக்கத்தில் பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்ததுதான் நெற்றிக் காயம். இதை உனக்கு யாராவது சொன்னார்களா? அந்தச் சில்வெஸ்டர் யார்?

உடனே பதில் போடு.

உன்
பாஞ்சாலி


மஸ்கட்
2.2.2003

அன்புள்ள பாஞ்சாலி,

உன் கடிதம் கிடைத்தது. நீ நைனா பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரிந்ததும் முதலில் சந்தோஷம்தான். முழுக்கப் படித்த பிறகு அது இல்லை.

நான் என்னவோ அவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்த மாதிரி எழுதியிருக்கிறாய். அம்மா போன பிறகு அவர் தங்கவயலில் தனியாக ஒரு வருஷம் இருந்தார். இரண்டு தடவை ராத்திரியில் காணாமல் போனார். இரண்டு தடவையும் மூடிக்கிடக்கிற சுரங்கத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அண்ணனா தம்பியா, யார் இருக்கிறார்கள்? இங்கே ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை. நினைத்த நேரத்தில் லீவு கிடையாது. விசாரித்துத்தான் அந்த ஹோமில் சேர்த்தேன்.

நெற்றிக் காயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை மேனேஜர் சுந்தரராமனிடம் போனில் கேட்டேன். "சின்னச் சிராய்ப்பும்மா. இப்ப குழந்தை மாதிரித் தூங்குறார்" என்றார். நான் எதை நம்புவது? மாத்திரை கொடுப்பது டாக்டரின் தீர்மானம். நீ அங்கே ஆயா, பாஞ்சாலி. டாக்டர் இல்லை.

சில்வெஸ்டர் நைனாவோடு சுரங்கத்து இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். எண்பத்து நான்கிலேயே இறந்துவிட்டார். இனிமேல் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு. அதோடு அந்தப் பேச்சு நிற்கும்.

அவரை நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ருக்கு


நீலசந்திரா
19.2.2003

ருக்குமணி அம்மாவுக்கு, ஆயா பாஞ்சாலி எழுதுவது:

நீ சொன்னபடியே செய்தேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, "சில்வெஸ்டர் வந்துட்டானா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னேன், "அவர் செத்துப்போய் ரொம்ப வருஷமாச்சு நைனா" என்று.

என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அப்ப யாரு வருவான்? கீழ நாப்பது பேரு இருக்கான்டி" என்றார். ஒரு கையால் பிடித்திருந்த தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மாத்திரையும் வேலை செய்யவில்லை. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. காலையில் இரண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரித்தார்கள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் மேனேஜர் சொல்லி மாத்திரை இரண்டாயிற்று. இப்போது பகலிலும் தலை தொங்கிப்போய் வாயில் எச்சில் ஒழுகுகிறது. அதைத்தான் அவர் குழந்தைத் தூக்கம் என்கிறார்.

நான் டாக்டர் இல்லை. சரி. ஆனால் நான் யார் என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். என் அப்பா பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். இருபத்தெட்டு வருஷம் அவரைக் கூண்டில் இறக்கி, கூண்டில் ஏற்றி, எங்கள் வீட்டுக்கு முழுசாக அனுப்பிவைத்தது உன் நைனாவின் கை. மேலே இஞ்சினில் பெருமாள்சாமி இருக்கிறார் என்றால் என் அம்மா நிம்மதியாகக் குழம்பைக் கூட்டுவாள். அந்தக் கையை என்னைத் துணியால் கட்டச் சொல்கிறார்கள். கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்துவிடுவார்கள், பார்க்கலாம்.

நீ கோபப்படு, எத்தனை வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று மட்டும் எழுது. இஞ்சின் ரூமுக்குள்ளே என்ன நடக்கும்? எங்களையெல்லாம் அந்தப் பக்கமே விடமாட்டார்கள். நீ சாப்பாடு கொண்டுபோனவள். சில்வெஸ்டர் வந்தால் என்ன செய்வார்?

பாஞ்சாலி


மஸ்கட்
8.3.2003

என் பாஞ்சாலிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பாதியிலேயே பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆயா என்று எழுதினேனே, அதை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. இதை மட்டும் படி.

எனக்குப் பத்து வயது இருக்கும். நைனா காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனார். மத்தியானம் இரண்டு மணிக்குச் சில்வெஸ்டர் மாமா வந்து மாற்ற வேண்டும். அன்றைக்கு அவர் மனைவிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார். இன்னொரு இஞ்சின் டிரைவர் லீவில். இருட்டிய பிறகும் நைனா வரவில்லையே என்று அம்மா என்னிடம் சாம்பார் சாதத்தைக் கொடுத்து அனுப்பினாள். டிரைவரோடு பேசக்கூடாது என்று வாசலில் போர்டு இருக்கும். நான் வாசலிலேயே நின்றேன். நைனா லீவரைப் பிடித்தபடி, எதிரில் கூண்டின் ஆழத்தைக் காட்டும் முள் சுற்றுகிற பெரிய வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை மணி அடித்தால் கூண்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மணி அடித்ததும் இழுப்பார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

பத்து மணிக்குச் சில்வெஸ்டர் மாமா ஓடிவந்தார். பையன் பிறந்திருக்கிறான் என்றுகூட முதலில் சொல்லவில்லை. நேராகப் போய் நைனாவின் கைமேல் தன் கையை வைத்தார். "கையை எடு பெருமாளு, நான் புடிச்சுக்கிட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் நைனா கையை எடுத்தார். அவர்களுக்குள் அதுதான் பழக்கம். தினமும் அப்படித்தான். கை மேல் கை விழுந்து, அந்த வார்த்தையும் காதில் விழுந்தால்தான் எழுந்திருப்பார்கள். அன்றைக்குப் பதினாறு மணி நேரம். வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் உன்னிடம் செத்துப்போய்விட்டார் என்று சொல்லச் சொன்னேன். உன்னை மாற்ற இனிமேல் யாருமே வரமாட்டார்கள் என்று என் நைனாவிடம் நானே சொன்ன மாதிரி ஆகிவிட்டதே, பாஞ்சாலி.

டாக்டரிடமே போனில் பேசிவிட்டேன். இரண்டு மாத்திரை அவருக்கே தெரியாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம், ஆனால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்றார். ஹோமுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறார்.

உன் கை இருக்கிறதே. அதை ஒரு தடவை வைத்துப் பார்.

ருக்கு


நீலசந்திரா
6.4.2003

அடி ருக்கு,

தூங்குகிறார்!

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் போஸ்ட் செய்துவிடலாமா என்று பார்த்தேன். நீ விடமாட்டாய் என்று தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி ஒன்பதரைக்கு அவர் கட்டிலுக்குப் போனேன். தடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சில்வெஸ்டர் வந்துட்டானா?" என்றார். சில்வெஸ்டர் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைமேல் கையை வைத்தேன். "கையை எடுங்க, நான் புடிச்சுக்கிட்டேன்" என்றேன். என் கையையே பார்த்தார். வளையல் போட்ட கையை நம்பலாமா என்று யோசித்தாரோ என்னவோ. "ஆளு எத்தினி பேருன்னு பாத்துக்க" என்றார். "பாத்துக்கறேன்" என்றேன். ஒவ்வொரு விரலாக எடுத்தார். படுத்தார். நான் தடுப்பைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் பயம்தான்.

முதல் நாள் ஒரு மணிக்கு எழுந்தார். இரண்டாம் நாள் மூன்று மணி. மாத்திரை பாதியானது, பிறகு கால்வாசி. கை வைத்தது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். காலையில் டூட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து அவரை வெயிலில் நடக்கவைக்கிறேன். காம்பவுண்டில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. அதற்கு எதிரில் நாற்காலி போட்டு, தொட்டி நிறைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். குழாயில் தண்ணீர் வழிந்ததும், "நிறுத்து" என்று சத்தம் போடுகிறார், வாட்ச்மேன் ஸ்விட்சை அணைக்கிறான். அப்புறம் பகலில் எங்கே தூக்கம் வரும்? அவர் சப்பாத்தியை ஏழரைக்குத்தான் கொடுக்கிறேன். சாப்பிட்டதும் படுக்கவிடுவதில்லை, ஊர்ப் பேச்சுப் பேசுகிறோம்.

அன்னம்மாளையும் பார்த்துவிட்டேன். அவர் விடாமல் மணி அடித்தது எதற்குத் தெரியுமா? பாத்ரூம் போக வேண்டும், அவ்வளவுதான். யாரும் வராததால் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். பத்து மணிக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்குமேல் ஒரே ஒரு தடவைதான் மணி அடிக்கிறது. அடித்தால் ஓடுகிறேன். நைனா படுத்தபடியே, "ஆளு மேல வந்துட்டானா?" என்று கேட்கிறார். "வந்துட்டான்" என்றால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மணிச் சத்தமா அவரை எழுப்பியது? அடித்த மணிக்கு ஒருத்தரும் போகாததுதான் எழுப்பியிருக்கிறது.

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலிலிருந்து ஐந்து மணிவரை. மாத்திரை இல்லாமல்.

மேனேஜருக்கு முகமே சரியில்லை. பகல் ஆயாக்கள் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். "நீ ஆயாவா, இல்ல இந்த ஹோமுக்கு சூப்பிரண்டா?" என்று கேட்டார். "மணி அடிச்சா போறவ சார்" என்றேன். பல்லைக் கடித்தார். கடிக்கட்டும்.

வாயெல்லாம் பல்லாக
உன் பாஞ்சாலி


நீலசந்திரா
29.4.2003

அன்பு ருக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் மேனேஜர் புதுச் சட்டம் போட்டார். ராத்திரி பத்து மணிக்குமேல் கூப்பிடுகிற மணிக்கு மெயினை அணைத்துவிட வேண்டும், எல்லாருக்கும் தூக்கம் கெடுகிறதாம். அவர் அணைத்துவிட்டுப் போனார். நான் போட்டேன். மறுநாளும் அணைத்தார். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்து, "நாளையிலேருந்து வராதே" என்றார். "மணி அடிக்க முடியாம அன்னம்மாள் எழுந்து விழுந்தா நீங்க தூக்குவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நான் வேலையைவிட்டு வந்த மறுநாளே நைனாவைப் பழையபடி ஆறு மணிக்குக் கட்டிலில் ஏற்றிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். கையையும் கட்டியாயிற்று. இந்தத் தடவை மாத்திரை இல்லை, ஊசியாம். அதற்கு உன் கையெழுத்துக் கேட்டு ஒரு பேப்பர் வரும்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். சொந்தக்காரர்களை மட்டும்தான் விடுவேன் என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். பாவம், அவன் வேலை அவனுக்கு. ஏழாம் நம்பர் கட்டில் ஜன்னல் ஓரம், ரோட்டிலிருந்து தெரியும். நைனா எழுந்து உட்கார்ந்திருந்தார். என்ன செய்வேன்? கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன், "நைனா! கையை எடுங்க, நான் புடிச்சுக்கிட்டேன்!" என்று. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியம் வெளியே நிற்கிறதே என்று நினைத்திருப்பார்கள்.

அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை. இன்றைக்கும் போய்க் கத்தினேன். நாளைக்கும் போவேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் மேனேஜர். வரட்டும், அவர்கள் எதிரிலும் கத்துகிறேன்.

ஆனால் ருக்கு, ரோட்டிலிருந்து எத்தனை நாள் நான் பிடித்துக்கொள்ள முடியும்? நீ என்ன செய்யப்போகிறாய்?

பாஞ்சாலி


மஸ்கட்
7.5.2003

என் பாஞ்சாலிக்கு,

ஊசிக்கான பேப்பர் நேற்று ஃபேக்ஸில் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் "மாட்டேன்" என்று பெரிதாகத் தமிழில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். கையைக் கட்டியதற்கும் மணியை அணைத்ததற்கும் என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். டாக்டருக்கும் நகல் போயிருக்கிறது. உடனே மேனேஜர் போனில் கூப்பிட்டு, "அப்படீன்னா உங்க அப்பாவை வேற எடம் பாத்துக்குங்க" என்றார். பயமுறுத்துகிறாராம். "பாத்துட்டேன் சார்" என்றேன்.

உங்கள் தெருவில் உன் வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று முன்பு ஒரு தடவை நீ சொல்லவில்லையா? சொல்லவில்லை என்றாலும் இப்போது ஒன்று பார். காலையில் வெயில் வர வேண்டும். அது மட்டும்தான் நிபந்தனை.

ஸ்கூலில் ஆறு மாசம் லீவு கேட்டேன், முடியாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டேன். சரவணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அங்க போய் என்ன பண்ணப்போற?" என்றார். "டூட்டிக்குப் போறேன்" என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலையில் அவரே என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவைத்தார்.

இதையும் கூரியரில்தான் அனுப்புகிறேன், இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். என் நைனாவைப் பார்க்க உன்னை எந்த நேரமும் உள்ளே விட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் என் தங்கை என்று போட்டிருக்கிறேன். இல்லை என்று மேனேஜர் நிரூபிக்கட்டும். நீ கேட்டில் நின்று கத்த வேண்டாம். நேராக நடந்து உள்ளே போ. முதலில் அந்தத் துணியை அவிழ்.

அவர் உன்னிடம் சில்வெஸ்டரைக் கேட்பார். செத்துப்போனார் என்று சொல்லாதே. வருவார் என்றும் சொல்லாதே. "ருக்கு கிளம்பிட்டா, ஷிஃப்ட் மாத்த வர்றா" என்று சொல். பொம்பளை எங்கே இஞ்சின் ரூமுக்கு வருகிறது என்று திட்டுவார். திட்டட்டும். பதினோரு வருஷம் தாமதமாக வருகிற ஆளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

இருபதாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், நேராக ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வருகிறேன்.

அதுவரைக்கும் நீ பிடித்துக்கொள்.

உன்
ருக்கு